நஞ்சை முறித்த குருதி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நாடுகளில் குளிர்காலம் தொடங்கிற்று என்றால் தாய்மார்களின் நெஞ்சில் ஓர் அச்சமும் உடன் தொடங்கும். நேற்றுவரை முற்றத்தில் ஓடியாடிய குழந்தை இன்று தொண்டை நோகிறதென்று படுத்துவிடும். காய்ச்சல் மிகுதியாக இராது. ஆயினும் முகம் வெளுக்கும், கழுத்து வீங்கும். வாயைத் திறந்து பார்த்தால் உள்நாக்கின் இருமருங்கும் சாம்பல் நிறமான தோல் போன்ற படலம் ஒன்று படர்ந்திருக்கும். அப்படலம் தடித்து வளர்ந்து மூச்சுக் குழலை அடைக்கும். குழந்தை மூச்சுக்குத் திணறும், நீலம் பாரிக்கும். மருத்துவர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் ஒன்றைச் செருகுவார். அதனால் பிழைத்தவர் சிலர், பிழையாதார் பலர். பிழைத்ததென்று பெற்றோர் மகிழ்ந்திருக்கையில், இரண்டொரு வாரம் கழித்து, நெஞ்சு திடீரென நின்று இறந்த குழந்தைகளும் உண்டு. ஒரே வீட்டில் மூன்று நான்கு குழந்தைகளை ஒரே வாரத்தில் இழந்த குடும்பங்கள் அக்காலத்தில் அரியன அல்ல.

தொண்டை அடைப்பான் எனப்படும் இந்நோயை மேனாட்டார் டிப்தீரியா என்பர். தோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்த பெயர் அது. இந்நோய்க்கு மருந்து கண்டவர் செருமானிய நாட்டு மருத்துவர் எமில் பேரிங் ஆவார். அவர் கண்ட மருந்து மூலிகையிலும் இல்லை, உப்பிலும் இல்லை. நோயை வென்று பிழைத்த விலங்கின் குருதியிலேயே அது இருந்தது.

1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள், மேற்குப் பிரஷ்யாவிலுள்ள ஹான்ஸ்டார்ஃப் என்னும் சிற்றூரில் பேரிங் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர், குறைந்த ஊதியம், நிறைந்த குடும்பம். அவருக்குக் குழந்தைகள் பதின்மூவர். கூரிய அறிவுடைய எமிலைப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்ப அவருக்கு ஆற்றல் இல்லை. பெர்லின் நகரில் படை மருத்துவர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்று இருந்தது. அங்கே படிப்புக்குப் பணம் கட்ட வேண்டுவதில்லை. ஆனால் படித்து முடித்தபின் படையில் நெடுங்காலம் பணிபுரிதல் வேண்டும். 1874ஆம் ஆண்டு இருபது வயதில் பேரிங் அக்கல்லூரியிற் சேர்ந்தார். 1878இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ப் போசன் முதலிய ஊர்களில் படை மருத்துவராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் புண்களின்மேல் அயோடோஃபார்ம் என்னும் மஞ்சள் நிறப் பொடியைத் தூவுவது வழக்கம். புண்ணிலுள்ள கிருமிகளை அது கொல்லும் என்று மருத்துவர்கள் நம்பினர். அந்நம்பிக்கை மெய்தானா என்று பேரிங் ஆராயத் தொடங்கினார். அப்பொடி கிருமிகளைக் கொல்வதாகத் தெரியவில்லை. ஆயினும் புண் ஆறிற்று. கிருமி சாகவில்லையாயின் புண் எங்ஙனம் ஆறும்? கிருமி கக்கும் நஞ்சினை அப்பொடி செயலறச் செய்கிறது போலும் என்று அவர் கருதினார். கிருமி வேறு, அதன் நஞ்சு வேறு. கிருமியைக் கொல்ல இயலாவிடினும் நஞ்சை முறித்துவிடலாம் என்னும் எண்ணம் அன்றே அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. எனினும் அயோடோஃபார்ம் நோயாளிக்கும் கேடு செய்யவல்லது. உடலுக்குத் தீங்கு இழைக்காமல் நஞ்சை மட்டும் முறிக்கும் பொருள் ஒன்று கிடைக்குமா என்று அவர் தேடலானார்.

அத்தேடலுக்கு ஏற்ற இடம் 1889ஆம் ஆண்டில் வாய்த்தது. காசநோய்க் கிருமியையும் வாந்திபேதிக் கிருமியையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றிருந்த இராபர்ட் காக் பெர்லினில் நடத்திய நலவியல் நிலையத்தில் பேரிங் துணைவராக அமர்ந்தார்.

அதற்குமுன்பே தொண்டை அடைப்பானைப் பற்றிச் சில உண்மைகள் வெளிவந்திருந்தன. 1883இல் கிளெப்ஸ் என்பவர் தொண்டைப் படலத்தில் அந்நோயின் கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டில் லெஃப்ளர் என்பவர் அதனைத் தனியே பிரித்து வளர்த்தார். இறந்த விலங்கை அறுத்துப் பார்த்தபோது லெஃப்ளருக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. கிருமிகள் செலுத்திய இடத்திலேயே தங்கியிருந்தன. நெஞ்சு, ஈரல், சிறுநீரகம் ஆகிய உறுப்புகளோ கிருமி இல்லாமலே கெட்டிருந்தன. கிருமி ஓரிடத்தில் இருந்துகொண்டே நஞ்சைச் சுரந்து உடலெங்கும் பரப்புகிறது என்று அவர் ஐயுற்றார். 1888இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ரூ, எர்சின் என்னும் இருவர் கிருமி வளர்ந்த நீரை நுண்ணிய துளைகளையுடைய வடிகட்டியில் வடித்தெடுத்தனர். கிருமி ஒன்றேனும் இல்லாத அந்நீரே விலங்குகளைக் கொன்றது. நஞ்சு உண்டென்பது ஐயமற நிறுவப்பட்டது. அதனை முறிப்பது எப்படி என்பதுதான் எஞ்சி நின்ற வினா.

பேரிங் தம் ஆராய்ச்சியைக் கினிப்பன்றிகள் எனப்படும் சிறு விலங்குகளிடம் தொடங்கினார். அவற்றின் உடலில் தொண்டை அடைப்பான் கிருமிகளைச் செலுத்தி, பின்னர்ப் பல்வேறு இரசாயனப் பொருள்களை ஊசி வழியே ஏற்றிப் பார்த்தார். விலங்குகள் மடிந்தவண்ணம் இருந்தன. சில நோயால் மடிந்தன. சில மருந்தாலேயே மடிந்தன. இறுதியில் அயோடினும் குளோரினும் சேர்ந்த ஒரு பொருளை ஏற்றியபோது சில கினிப்பன்றிகள் உயிர் தப்பின. தப்பியவற்றின் நிலையும் இரங்கத்தக்கதே. மருந்து பட்ட இடத்தில் தோல் வெந்து புண்ணாயிற்று. இத்தகைய மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்க எந்த மருத்துவருக்கும் மனம் துணியாது. வேறொருவர் ஆயின் தம் முயற்சி தோற்றதென்று அங்கேயே நிறுத்தியிருப்பர்.

பேரிங் நிறுத்தவில்லை. பிழைத்த அவ்விலங்குகளுக்கு மீண்டும் அதே கிருமியைச் செலுத்தினார். அவை சாகவில்லை. மருந்தோ முன்னரே உடலை விட்டு நீங்கியிருக்கும். ஆகவே இப்பொழுது அவற்றைக் காப்பது மருந்தன்று. உடலே உண்டாக்கிக்கொண்ட வேறு ஏதோ ஒன்று என்பது தெளிவாயிற்று. அது உடலின் எப்பகுதியில் இருக்கிறது? பேரிங்கின் எண்ணம் குருதியின்பாற் சென்றது. விலங்கின் குருதியை எடுத்து உறையவிட்டால் செந்நிறக் கட்டி அடியில் தங்க, மேலே வைக்கோல் நிறமான தெளிநீர் நிற்கும். அதனைச் சீரம் என்பர். பிழைத்த கினிப்பன்றியின் சீரத்தோடு நஞ்சைக் கலந்து புதிய விலங்குகளுக்கு ஏற்றினார். அவை யாதொரு தீங்குமின்றி உலவின. நோயறியாத விலங்கின் சீரத்தோடு கலந்த நஞ்சோ தன் கொடுமையிற் சிறிதும் குறையவில்லை.

அதே நிலையத்தில் ஜப்பான் நாட்டு அறிஞர் ஒருவரும் பணியாற்றினார். அவர் பெயர் கிட்டசாட்டோ. சோர்வறியா உழைப்பும் ஊசிமுனை போன்ற கூர்மையும் உடையவர். புண் வழியே புகுந்து உடலை வில்லென வளைத்துக் கொல்லும் இரணசன்னியின் கிருமி, காற்றுப்பட்டால் வளராது. ஆதலின் அதனைத் தனியே பிரித்தெடுக்க எவராலும் இயலாதிருந்தது. 1889இல் கிட்டசாட்டோ காற்றை விலக்கி அதனைத் தனித்து வளர்த்துக் காட்டினார். அக்கிருமியும் நஞ்சினாலேயே கொல்வது. ஆகவே பேரிங்கும் அவரும் ஒன்று கூடினர்.

அவர்கள் ஒரு முயலை இரணசன்னியைத் தாங்கும் ஆற்றல் பெறுமாறு செய்தனர். அதன் குருதியிற் சில துளிகளை எலிகளின் வயிற்றுக்குள் செலுத்தினர். ஒரு நாள் கழித்து அவ்வெலிகளுக்கும், குருதி பெறாத வேறு எலிகளுக்கும் ஒருங்கே கிருமியை ஏற்றினர். குருதி பெறாதவை இரண்டு நாள் முடியுமுன் விறைத்து மாண்டன. குருதி பெற்றவை இரை தேடித் திரிந்தன. அடுத்து, முயலின் சீரத்தோடு நஞ்சைக் கலந்து வைத்து எலிகளுக்கு ஏற்றினர். எலியைக் கொல்லப் போதிய அளவினும் முந்நூறு மடங்குக்கு மேற்பட்ட நஞ்சு அக்கலவையில் இருந்தும் எலிகள் நலமாக இருந்தன. நோயறியாத முயல், மாடு, குதிரை, ஆடு, மனிதர் ஆகிய அனைவரின் சீரத்தையும் அவர்கள் இவ்வாறே சோதித்தனர். அவற்றுள் எதற்கும் நஞ்சை முறிக்கும் ஆற்றல் இல்லை. 1890ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இருவர் பெயராலும் இச்செய்தி ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு வாரம் கழித்துத் தொண்டை அடைப்பானைப் பற்றிப் பேரிங் தனியே எழுதிய கட்டுரையும் வந்தது. சில பக்கங்களே கொண்ட இவ்விரு கட்டுரைகளிலிருந்து எதிர்ப்பொருளியல் என்னும் துறை பிறந்தது என்னலாம்.

ஆயினும் எலியைக் காத்த மருந்து குழந்தையைக் காக்க வந்துசேர நான்கு ஆண்டுகள் ஆயின. எலிக்குச் சில துளிகள் போதும். குழந்தைக்கு எத்துணை வேண்டும்? பேரிங்கும் அவருடைய நண்பராகிய வெர்னிக் என்னும் படை மருத்துவரும் ஆடுகளை வளர்த்து அவற்றினின்றும் சீரம் எடுத்தனர். 1891ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் இரவில் பெர்லின் மருத்துவமனை ஒன்றில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த குழந்தைக்கு முதன்முதல் அது ஏற்றப்பட்டதென்று ஒரு கதை வழங்குகிறது. கதை அழகியதே. ஆனால் அந்நாளைய சீரம் ஆற்றல் குறைந்தது. ஒரு முறை எடுத்ததுபோல் மறு முறை எடுத்தது இராது. சில குழந்தைகள் பிழைத்தன, பல பிழைக்கவில்லை. எவ்வளவு கொடுப்பது என்று அளந்து சொல்ல ஒருவராலும் இயலவில்லை.

அளவுகோல் வகுத்தவர் பால் ஏர்லிக் என்பவர். காக்கின் நிலையத்தில் பணிபுரிந்த இன்னோர் அறிஞர் அவர். நம் வேலியோரங்களில் சிவப்பும் கறுப்புமாகக் காய்த்துக் கிடக்கும் குன்றிமணியை நாம் அறிவோம். அதில் கொடிய நஞ்சு உண்டு. ஆமணக்கு விதையிலும் உண்டு. 1891இல் ஏர்லிக் இவ்விரு நஞ்சுகளையும் எலிகளுக்கு மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கி நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தார். முதலில் ஒரு துளியாற் சாகக்கூடிய எலி, முடிவில் அதனைப்போற் பன்மடங்கு நஞ்சையும் தாங்கிற்று. அதன் குருதியில் தோன்றிய எதிர்ப்பொருள் எவ்வளவு நஞ்சை முறிக்கும் என்று அவர் எண்ணால் அளந்தார். எதிர்ப்பொருள் என்னும் பெயரையே முதலில் ஆண்டவர் அவர்தாம். அதே முறையைத் தொண்டை அடைப்பான் சீரத்திற்கும் அவர் பொருத்தினார். விலங்குக்கு நஞ்சினைப் படிப்படியாக ஏற்றிச் சீரத்தின் ஆற்றலை உயர்த்தவும், அவ்வாற்றலை அலகுகளால் கணக்கிடவும் வழி பிறந்தது. பேரிங்கின் கண்டுபிடிப்பு ஏர்லிக்கின் அளவுகோலின்றி மருந்தாகியிருக்குமா என்பது ஐயமே.

1894ஆம் ஆண்டில் ஏர்லிக்கும் அவருடைய துணைவர்களும் 220 குழந்தைகளுக்குச் சீரம் ஏற்றிய செய்தியை வெளியிட்டனர். நோய் கண்ட முதல் நாளிலேயே ஊசி போடப்பட்ட குழந்தைகளுள் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்தனர். நாள் கடந்து வந்தவர்களிடம் பயன் குறைந்தது. இதற்குக் காரணம் உண்டு. குருதியில் உலவும் நஞ்சைத்தான் சீரம் பிடித்து முறிக்கும். உறுப்புக்குள் புகுந்துவிட்ட நஞ்சை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் புடாபெஸ்ட் நகரில் கூடிய மருத்துவர் மாநாட்டில் பிரெஞ்சு அறிஞராகிய ரூ எழுந்து, பாரிசுக் குழந்தைகள் மருத்துவமனையில் 448 குழந்தைகளுக்குச் சீரம் கொடுத்ததை விளக்கினார். முன்பெல்லாம் அங்கு அந்நோயால் வந்த குழந்தைகளுள் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் இறப்பதுண்டு. இப்பொழுது இருபத்தைந்துக்கும் குறைவாயிற்று. அதே ஆண்டில் பிராங்க்பர்ட் நகரை அடுத்த ஹோக்ஸ்ட் சாயத் தொழிற்சாலை சீரத்தைக் குப்பிகளில் அடைத்து விற்கத் தொடங்கிற்று.

ஆடுகளால் ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க இயலாது. ஆதலின் குதிரைகள் வந்தன. குதிரை பெரிய விலங்கு. அடிக்கடி குருதி எடுத்தாலும் தாங்கும். நஞ்சினை மெல்ல மெல்ல ஏற்றினால் ஆற்றல் மிக்க சீரம் தரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீரக் குதிரைகளுக்கென்றே இலாயங்கள் எழுந்தன. பால்வண்டி இழுத்தும் பாரம் சுமந்தும் தளர்ந்த குதிரைகள் பலவும் அங்கே வந்து சேர்ந்தன. குழந்தைகள் பிழைத்ததை வரலாறு எழுதுவோர் விரித்துரைக்கின்றனர். அக்குதிரைகளைப் பற்றி அவர்கள் ஒரு வரிக்குமேல் எழுதுவதில்லை.

ஆண்டுக்கணக்கில் சீரம் கொடுத்த குதிரைகளுட் சில திடீரென வீழ்ந்து இறந்தன. அறுத்துப் பார்த்தால் ஈரல் வீங்கி, மெழுகுபோல் வெளுத்து, எளிதில் உடையும் தன்மையதாக இருந்தது. ஈரல் வெடித்து வயிற்றுக்குள் குருதி நிறைந்ததே இறப்புக்குக் காரணம். ஈரலில் ஊறிப் படிந்திருந்த அப்பொருளுக்கு அமிலாய்டு என்று பெயர். பேரிங் பிறந்த அதே 1854ஆம் ஆண்டில்தான் விர்க்கோ என்னும் செருமானிய அறிஞர் அப்பெயரை மருத்துவ உலகில் வழங்கினார். அயோடின் பட்டவுடன் நிறம் மாறுவது கண்டு அதனை மாவுப் பொருளின் இனமென்று அவர் கருதினார். மாவு போன்றது என்பதே அச்சொல்லின் பொருள். ஐந்தாண்டுகள் கழித்து ஃபிரீடிரிக், கெக்குலே என்னும் இருவர் அதனைப் பகுத்தாய்ந்து, அது மாவன்று, புரதமே என்று காட்டினர். பெயர் மட்டும் பிழையோடு நிலைத்துவிட்டது. ஓயாமல் அழற்சிக்கு உள்ளாகும் உடல் மிகுதியாகச் சுரக்கும் ஒருவகைப் புரதம், கரையாத நுண்ணிழைகளாக மாறி உறுப்புகளில் படிவதே குதிரைகளுக்கு வந்த கேடு என்பது இன்று தெரிகிறது. மனிதருக்கு வரும் அமிலாய்டு நோயில் ஒருவகை உண்டு. அதில் படிவது எதிர்ப்பொருளின் ஒரு துண்டே. 1971இல் அமெரிக்காவில் கிளென்னர் என்பவரும் அவர்தம் குழுவினரும் அதனை நிறுவினர். உயிரைக் காக்க உடல் செய்துகொள்ளும் கருவியே தடம் மாறி உடலைக் கெடுப்பதும் உண்டு என்பது பேரிங்கின் காலத்தார் எவரும் அறியாத செய்தி.

சீரம் குற்றமற்ற மருந்தும் அன்று. வேற்று விலங்கின் புரதத்தை ஏற்காமல் தடிப்பும் காய்ச்சலும் மூட்டு வலியும் கண்டவர் பலர். 1901ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரில் இதனினும் பெரிய துன்பம் நேர்ந்தது. பால்வண்டி இழுத்து வந்த ஜிம் என்னும் குதிரை அந்நகரச் சுகாதாரத் துறைக்குச் சீரம் கொடுத்து வந்தது. அக்குதிரைக்கு இரணசன்னி கண்டது. அதனிடமிருந்து இறுதியாக எடுத்த சீரம் கவனக்குறைவால் குப்பிகளிற் சென்றுவிட்டது. தொண்டை அடைப்பானிலிருந்து காப்பாற்ற ஊசி போடப்பட்ட குழந்தைகளுள் பதின்மூவர் இரணசன்னியால் இறந்தனர். இதன் விளைவாக அடுத்த ஆண்டே அமெரிக்காவில் இத்தகைய மருந்துகளைச் சோதித்து உரிமம் வழங்கும் சட்டம் பிறந்தது.

அந்த 1901ஆம் ஆண்டிலேதான் நோபெல் பரிசு முதன்முறையாக வழங்கப்பட்டது. மருத்துவத்திற்கான முதற் பரிசு பேரிங்குக்குக் கிடைத்தது. பிரஷ்ய அரசும் அவருக்கு உயர்குடிப் பட்டம் அளித்தது. பள்ளியாசிரியர் மகன் எமில் வான் பேரிங் ஆனார். கிட்டசாட்டோவின் பெயர் பரிசிற் சேரவில்லை. அவர் 1892இலேயே ஜப்பானுக்குத் திரும்பித் தம் நாட்டில் ஆராய்ச்சி நிலையம் அமைத்துப் பணிபுரிந்துகொண்டிருந்தார். முதற் கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தமையின், பரிசும் இருவருக்கும் உரியதன்றோ என்று பிற்காலத்தார் வினவுவது முறையே.

ஏர்லிக்குக்கும் பேரிங்குக்கும் இடையே மூண்ட மனத்தாங்கல் இன்னும் கசப்பானது. சீரம் விற்பனையால் வரும் ஊதியத்தில் இருவருக்கும் பங்கு இருந்தது. அரசாங்க நிலையம் ஒன்று ஏர்லிக்குக்கு அமையத் தாம் துணைநிற்பதாகப் பேரிங் கூறினார். அதனை நம்பி ஏர்லிக் தம் பங்கை விட்டுக்கொடுத்தார். பேரிங் செல்வரானார். எதிர்பார்த்த துணையோ வரவில்லை என்று ஏர்லிக் கருதினார். தாம் ஏமாற்றப்பட்டதாக வாழ்நாள் முழுவதும் வருந்தினார். பின்னர் அரசு அவருக்குத் தனி நிலையம் அமைத்தது. 1908இல் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆயினும் ஓர் அறையில் ஒருங்கு உழைத்த அந்நாளைய நட்பு மீளவில்லை. பேரிங் பிடிவாதமும் முன்கோபமும் உடையவர். எதிர்த்துப் பேசுவோரைப் பொறுக்கமாட்டார். குழந்தைகளின் உயிரைக் காத்தவர் என்பதற்காக அவர்பால் இக்குறைகள் இல்லை என்று கூறுதல் உண்மையாகாது.

1894இல் ஹாலே பல்கலைக்கழகத்திற்கும் அடுத்த ஆண்டில் மார்பர்க் பல்கலைக்கழகத்திற்கும் பேராசிரியராகச் சென்ற பேரிங், மார்பர்க்கிலேயே நிலைத்துவிட்டார். 1896இல் எல்சா ஸ்பினோலா என்னும் மங்கையை மணந்தார்; அவர்களுக்கு ஆண்மக்கள் அறுவர் பிறந்தனர். 1904இல் தாமே ஒரு மருந்துத் தொழிற்சாலையும் நிறுவினார்.

ஒரு பெரிய வெற்றி கண்டவர் அடுத்ததும் அவ்வாறே கைகூடும் என்று எண்ணுவது இயல்பு. பேரிங் காசநோயின்மேல் கண் வைத்தார். ஆனால் காசநோய்க் கிருமி தொண்டை அடைப்பான் கிருமி போன்றதன்று. ஒரு நஞ்சைச் சுரந்து அதனாற் கொல்வதன்று. ஆகவே நஞ்சை முறிக்கும் வழி இங்குப் பயன்படவில்லை. கன்றுகளுக்கு உயிருள்ள கிருமிகளை ஏற்றிக் காப்புத் தர அவர் முயன்றார். முதலிற் பயன் தோன்றியது. பின்னர்க் காப்பு நெடுநாள் நிற்கவில்லை. ஏற்றிய கிருமிகள் பாலில் வெளிப்படும் இடர்ப்பாடும் காணப்பட்டது. அம்முறை கைவிடப்பட்டது. மக்களுக்கென அவர் அறிவித்த மருந்தும் பொய்த்தது. காசநோய் இளமையில் பால் வழியாகவே தொற்றுகிறது என்று அவர் வலியுறுத்தினார். மாட்டின் காசநோய் மனிதருக்கு அத்துணைக் கேடு செய்யாதென்று காக் 1901இல் கூறியிருந்தமையின், ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே நின்றனர். இதில் பேரிங் பக்கம் பாதி உண்மை இருந்தது. பாலால் நோய் தொற்றுவது மெய், ஆனால் பெரும்பாலும் மூச்சு வழியேதான் தொற்றுகிறது. பாலிலுள்ள கிருமிகளை அடக்கச் சிறிது ஃபார்மலின் கலக்கலாம் என்றும் அவர் சொன்னார். அதனை எவரும் ஏற்கவில்லை.

தோல்வியும் ஓயாத உழைப்பும் அவர் உள்ளத்தை முறித்தன. கடுஞ்சோர்வு பற்றியது. 1907 முதல் மூன்றாண்டு அளவும் ஆராய்ச்சியை விட்டு மருத்துவ இல்லத்தில் தங்கியிருந்தார். ஊரார் அவருடைய காலம் முடிந்ததென்றே எண்ணினர்.

ஆனால் 1913இல் அவர் மீண்டும் எழுந்தார். சீரம் நோய் வந்தபின் கொடுக்கும் மருந்து. அது தரும் காப்புச் சில வாரங்களில் தீர்ந்துவிடும். இரவலாக வந்த எதிர்ப்பொருள் நெடுநாள் நில்லாது. உடல் தானே உண்டாக்கிக்கொண்டதுதான் நிற்கும். நஞ்சையே ஏற்றினால் குழந்தை இறந்துபடும். ஆகவே நஞ்சையும் அதனை முறிக்கும் சீரத்தையும் தக்க அளவில் கலந்து, நலமாயிருக்கும் குழந்தைகளுக்கே ஏற்றினார். தீங்கு நேரவில்லை; காப்பு நிலைத்தது. அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் என்பவர் இவ்வழியை 1909இலேயே சுட்டியிருந்தார். மக்களிடத்துச் செய்து காட்டியவர் பேரிங்.

அடுத்த ஆண்டில் உலகப் போர் மூண்டது. எருவிட்ட வயல்களில் பதுங்குகுழி வெட்டிப் போரிட்ட வீரர்களின் புண்களில் மண் புகுந்தது. மண்ணோடு இரணசன்னிக் கிருமியும் புகுந்தது. போரின் தொடக்கத்தில் போதிய சீரம் இல்லை. வீரர்கள் வில்லென வளைந்து மாண்டனர். காயம்பட்டவுடன் ஒவ்வொருவருக்கும் சீரம் ஏற்றும் வழக்கம் வந்தபின் அந்நோய் மிகவும் அருகிற்று. கிட்டசாட்டோவோடு எலிகளிடம் தொடங்கிய ஆராய்ச்சி, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துப் போர்க்களத்தில் இவ்வாறு பயன் கொடுத்தது. செருமானிய அரசு பேரிங்குக்கு இரும்புச் சிலுவை விருது வழங்கியது.

அப்பொழுது அவர் உடல் தளர்ந்திருந்தது. தொடை எலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தார். நுரையீரற் காய்ச்சல் பற்றியது. 1917ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள், அறுபத்து மூன்று வயது நிரம்பிப் பதினாறு நாட்கள் கழிந்தபின், மார்பர்க்கில் உயிர் நீத்தார். அந்நகரை நோக்கியிருக்கும் குன்றின்மேல் அவருக்குக் கல்லறை எழுப்பினர்.

அவர் வேண்டிப் பாலிற் சேர்க்கப்படாத ஃபார்மலின் பின்னர் வேறிடத்தில் பயன்பட்டது. 1920களில் பாஸ்டர் நிலையத்தின் கால்நடை மருத்துவராகிய ரமோன், தொண்டை அடைப்பான் நஞ்சில் ஃபார்மலினைக் கலந்து இளஞ்சூட்டில் வைத்தார். நஞ்சின் கொடுமை நீங்கிற்று. எதிர்ப்பொருளைத் தூண்டும் ஆற்றல் மட்டும் நின்றது. இன்று கைக்குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பானுக்கும் இரணசன்னிக்கும் எதிராக இடப்படும் தடுப்பூசியில் உள்ளவை அவ்வாறு கொடுமை நீக்கிய நஞ்சுகளே. அதனால் சீரக் குதிரைகளின் தேவை பெரிதும் குறைந்தது. ஆயினும் தடுப்பூசி பெறாத குழந்தை ஒன்றுக்குத் தொண்டையில் சாம்பற் படலம் தோன்றுமானால், மருத்துவர் விரைந்து தேடுவது இன்றும் குதிரையின் சீரத்தையே.